சபர் போகுமுன் போட வேண்டிய கணக்கு



சபர் என்றால் என்னவென்று நாகூர்வாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தெருக்களில் நிறையப் பேர். அன்று கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் பெரும்பாலும் கடையிலேயே தங்கினார், அங்கேயே சாப்பிட்டார். சம்பளத்தில் பெரும்பங்கு ஊருக்கு வந்தது. மலேசியா செலவு குறைந்த நாடு என்ற நம்பிக்கை நமக்கு அப்படித்தான் வந்தது. இன்றும் அங்கே வாழ்க்கைச் செலவு சிங்கப்பூரைவிடக் குறைவுதான். ஆனால் கூலிக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நமது அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள்: "சம்பளம் 1,700 ரிங்கிட். இருபதால் பெருக்கினால் 34,000 ரூபாய்." 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது உண்மை. ஆனால் அந்த 34,000 முழுவதும் ஊருக்கு வராது. உணவகத்தில் வேலைக்குப் போகும் தனி ஆளின் மாதச் செலவைச் சுமாராகப் பார்ப்போம். ரிங்கிட் மதிப்பு ஏறி இறங்கும் என்பதால் இருபது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

சேமநிதி (2 சதவீதம்), சமூகப் பாதுகாப்புச் சந்தா – 45 ரிங்கிட்
தங்குமிடம் – 100
கூட்டாகச் சமைத்துச் சாப்பாடு – 400
தொலைபேசி – 35
பேருந்து, சோப்பு, முடிவெட்டு, மருந்து – 120
மொத்தம் – 700 ரிங்கிட்

மீதி 1,000 ரிங்கிட். அதாவது 20,000 ரூபாய்.

சமைக்காமல் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் நாளுக்கு 20 ரிங்கிட், மாதம் 600 ஆகிவிடும். அப்போது ஊருக்கு வருவது 16,000 ரூபாய்தான். மாலையில் ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் என்று 5 ரிங்கிட் செலவழித்தால், அது மட்டுமே மாதம் 3,000 ரூபாய்.

இனி ஊர்க் கணக்கு. போவதற்கு 1,50,000 ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி, வீட்டுச் செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். தம்பி 20,000 அனுப்பினால் கடனுக்கு மிஞ்சுவது 8,000. முதல் மாத வட்டியே 4,500. அசலும் வட்டியும் தீர 28 மாதங்கள் ஆகும். வட்டியாக மட்டும் ஏறக்குறைய 74,000 ரூபாய் போயிருக்கும். அவர் 16,000 அனுப்பினால் மிஞ்சுவது 4,000. அது வட்டிக்கே போதாது; எத்தனை வருடம் உழைத்தாலும் கடன் வளரும். வட்டியில்லாமல் உறவினரிடம் வாங்கிய கடனாக இருந்தால், மாதம் 8,000 கட்டி 19 மாதங்களில் தீர்ந்துவிடும். மார்க்கம் வட்டியை ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்பதை இந்தக் கணக்கிலேயே காணலாம்.

ஆகவே கடனைக் குறைப்பதுதான் முதல் சேமிப்பு. அதற்குச் சில விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: அரசிடம் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். அதற்கு மேல் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு: பணி அனுமதிக்கான லெவியை 2018 முதல் முதலாளியே கட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இவை எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்த பிறகே கையெழுத்து.

மூன்று: விசா இல்லாமல் 30 நாள் போய்வரும் சலுகை சுற்றிப்பார்க்க மட்டுமே. "போய் இறங்கு, வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்பவரை நம்பிப் போனால் தடுப்புக்காவலும் நாடு கடத்தலும் நேரலாம்; கடன் மட்டும் மிஞ்சும்.

நான்கு: அங்கே அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரின் சலுகைக் கட்டணம் கிடையாது. காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவைப்படும் பாஸ்போர்ட் உடையவர்கள், இங்கிருந்து புறப்படும்போதே 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டை எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குச் சந்தா 275 ரூபாய்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சபரில் இருக்கிறான் என்ற தைரியத்தில் இங்கே கல்யாணச் சீரும் விருந்தும் பெரிதாகிவிடுகின்றன. அங்கே ஒரு வேளை தேத்தண்ணியை அவன் குறைத்து அனுப்பிய பணம் அது. வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது என்ற குர்ஆனின் வழிகாட்டல் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் பொதுவானது.

டிக்கெட் எடுக்கும் முன் வாப்பா, உம்மா, மனைவி, போகிறவர் எல்லோரும் ஒரு இரவு உட்கார்ந்து இந்தக் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு எழுதுங்கள். கடன் எந்த மாதம் தீரும், எந்த வருடம் திரும்புவது என்ற இரண்டு விடைகள் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் தாளோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.