வேனில் முகாம்: புறப்படுமுன் ஒரு கணக்கு

கோலாலம்பூர் பக்கத்துல, உலு லங்காட் ஆற்றோரத்துக்குக் கேம்பர் வேன்ல போய்த் தங்கப் போறீங்களா? முதலில் மின்சாரக் கணக்கைப் போடுங்க.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈய-அமில பேட்டரி என்றால் பாதியோடு, அதாவது 600-ஓடு நிறுத்திக்கணும். சராசரி 40 வாட் இழுக்கும் ஃபிரிட்ஜுக்கு 10 மணி நேரத்தில் 400. 20 வாட் விசிறிக்கு 8 மணி நேரத்தில் 160. மிச்சம் 40தான்! விளக்கு, ஃபோன் எல்லாம் அதற்குள்ளே.

பத்தலைன்னு இஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் கை வைக்காதீங்க. மேலே மலையில் மழை பெய்தாலே போதும், கீழே ஆறு திடீர்னு பெருகும். அப்போ, நடுராத்திரியானாலும் வேன் உடனே கிளம்பணும். அதனால் மேட்டில், வெளியேறும் பாதையைப் பார்த்தபடி நிறுத்துங்க.

உங்க வேனுக்குக் கணக்கு எவ்வளவு வருது? இப்பவே போட்டுப் பாருங்க!