பள்ளிக் கணினி அறைக்கு லினக்ஸ்: 8 குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய கணினிகளைக் கழித்துக்கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

1. மதிப்பெண் பட்டியல், வினாத்தாள்களை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். லினக்ஸ் நிறுவும்போது ஹார்ட் டிஸ்க் அழிக்கப்படலாம்.

2. லினக்ஸ் மின்ட் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள 64-பிட் கணினியிலும் தடுமாறாது.

3. நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே இயக்கி பிரின்டர், புரொஜெக்டரைச் சோதியுங்கள். ஒத்துவராதது அப்போதே தெரிந்துவிடும்.

4. கீபோர்டு அமைப்பில் தமிழ்99-ஐச் சேருங்கள். யூனிகோடில் அடித்தது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும்.

5. பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அ', 'ஆ' எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும்.

6. வினாத்தாளை லிப்ரேஆபீஸில் தயாரித்து, அச்சுக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையில் வரிகளும் அட்டவணையும் இடம் மாறாது.

7. மாணவர்களுக்கு விருந்தினர் கணக்கைத் திறந்துவிடுங்கள். வெளியேறியதும் அவர்கள் சேமித்தவை அழிந்து, அடுத்த வகுப்புக்குக் கணினி சுத்தமாக இருக்கும். வைத்துக்கொள்ள வேண்டியதை முன்பே பென்டிரைவில் எடுக்கச் சொல்லுங்கள்.

8. தொடக்க வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட் மென்பொருள்கள் போதும். மவுஸ் பிடிக்கவும் கீபோர்டு பழகவும் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள், நிறுவிய பின் இன்டர்நெட்டும் தேவையில்லை.

ஒரே நாளில் அறை முழுவதையும் மாற்றாதீர்கள். ஒரு கணினியில் ஒரு வாரம் பாடம் நடத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள்.