அளவறிந்து பறப்போம்



நம் சுங்காய் வானில் சிறு விமானம் ஒன்று பறந்து சென்றால், நாம் அனைவரும் அண்ணாந்து பார்க்கிறோம். பறந்துகொண்டிருக்கும் அவ்வூர்தியில் எரிபொருள் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? சாலையில் மோட்டார் சைக்கிளின் எண்ணெய் தீர்ந்தால், ஓரமாக நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகலாம். வானத்திலோ ஓரமும் இல்லை. எண்ணெய்க் கடையும் இல்லை. ஆகவே, புறப்படும் முன்பே கணக்குப் பார்த்தல் வேண்டும்.

விமானியின் முதற்கடமை

சிறு விமானங்கள் பலவற்றில் எரிபொருள், இறக்கைகளுக்குள் அமைந்த தொட்டிகளில் நிரப்பப்படுகிறது. நல்ல விமானி, அளவு காட்டும் முள்ளை மட்டும் நம்பிப் புறப்படுவதில்லை. தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுகோலை உள்ளே விட்டு, எண்ணெய் எவ்வளவு உள்ளது என்று தம் கண்ணாலேயே காண்கிறார். போய்ச் சேர வேண்டிய அளவு மட்டும் இருந்தால் போதாது, கையிருப்பும் வேண்டும். அமெரிக்க நாட்டு விதிப்படி, தெளிவான வானிலையில் பறக்கும் சிறு விமானத்தில் பகலில் 30 நிமிடங்களுக்கும், இரவில் 45 நிமிடங்களுக்கும் போதிய எரிபொருள் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. இறக்கைகள் காற்றைத் தாங்குவதால், அது சறுக்கிக்கொண்டு மெல்ல இறங்கும். ஆயினும் மீண்டும் மேலெழ இயலாது. தரையிறங்க ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

ஓர் எண்ணால் வந்த இடர்

சிறு விமானத்திற்குரிய இப்பாடம் பெரிய விமானத்திற்கும் பொருந்தும். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கனடா நாட்டில் ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று 69 பேருடன் பறந்தது. அதன் எரிபொருள் காட்டும் கருவி பழுதுபட்டிருந்தது. எனவே, அளவுகோலால் அளந்தனர். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்திற்கு வேண்டியதோ 22,300 கிலோகிராம்.

லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற, ஏறத்தாழ 0.8 ஆல் பெருக்க வேண்டும். ஆனால், அவர்கள் 1.77 ஆல் பெருக்கினர். 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடையை ராத்தலில் காட்டும் எண்ணாகும்! கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டுமே நிரப்பினர். வழியில் ஒட்டாவா நகரில் மறுபடியும் அளந்தனர்; மறுபடியும் அதே தவறான எண்ணால் பெருக்கினர். எல்லாம் சரியெனவே தோன்றியது.

41,000 அடி உயரத்தில் பறக்கும்போது அபாய ஒலி எழுந்தது. சிறிது நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. இயந்திரமில்லாச் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகிய தலைமை விமானி ராபர்ட் பியர்சன், கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானத் தளத்தில் அதனை இறக்கினார். சிலர் சிறு காயமுற்றனர். ஓர் உயிரும் போகவில்லை.

நம் தோட்டங்களிலும் ரப்பர் பாலை ராத்தல் கணக்கில் நிறுத்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் மலேசியாவும் கிலோவுக்கு மாறியது. பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் எழுதும் எண்ணை நம் தாத்தா பாட்டியர் உற்று நோக்கியது ஏன்? ஓர் எண் பிழைத்தால் அன்றைய உழைப்பின் பயனே குறைந்துபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நெல்வயலில் இறங்கிய விமானம்

கணக்குச் சரியாக இருந்தாலும் வழியில் நிலைமை மாறக்கூடும். 1993ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சென்னையிலிருந்து ஐதராபாத்திற்குச் சென்றது. அங்குப் பார்வைத் தெளிவு இல்லாமையால் இறங்க இயலவில்லை. மீண்டும் மேலெழுந்தபோது, இறங்குவதற்காக நீட்டிய இறக்கை மடிப்புகள் உள்ளே திரும்பவில்லை. அவை காற்றைத் தடுத்தமையால் எண்ணெய் மிகுதியாகச் செலவாயிற்று. சென்னைக்குத் திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்தது. திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் விமானம் இறங்கியது. அதிலிருந்த 262 பேரும் உயிர் பிழைத்தனர். நிலைமை மாறியவுடன் பழைய கணக்கை விட்டுப் புதுக்கணக்குப் போட வேண்டும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

நாம் கொள்ள வேண்டியவை

செயலில் இறங்குமுன் ஆராய்தலைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். கணக்கு எழுதும்போது எண்ணை மட்டும் எழுதினால் போதாது. லிட்டரா, கிலோவா, ராத்தலா என்று அலகையும் எழுதுவோம். விடையைச் சரிபார்க்கும்போது பழைய வழியிலேயே செல்லாமல், வேறு வழியில் செய்து பார்ப்போம். ஐயம் எழுந்தால், வெட்கப்படாமல் ஆசிரியரிடம் கேட்போம். தேர்வில் பிழைத்தால் ஒரு மதிப்பெண் போகும். வாழ்வில் பிழைத்தால் உயிரே போகக்கூடும்.

பயிற்சி

1. ஒரு சிறு விமானம் மணிக்கு 32 லிட்டர் எரிபொருள் செலவிடும். பயண நேரம் 3 மணி. கையிருப்பு 45 நிமிடங்களுக்கு வேண்டும். தொட்டியில் 110 லிட்டர் உள்ளது. விமானி புறப்படலாமா? இல்லையெனில், இன்னும் எத்தனை லிட்டர் வேண்டும்?

2. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை 0.8 கிலோகிராம் எனில், 5,000 லிட்டரின் எடை என்ன? அதனை 1.77 ஆல் பெருக்கினால் வரும் விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, பெற்றோருக்கு விளக்கிக் கூறுக.