மீட்டிங்கில் வாய் வரவில்லையா? மினிட்ஸ் எழுதுங்கள்

பாரகம்பா சாலையில் ஓர் அலுவலகம். நான் தில்லிக்கு வந்து மூன்றாவது வாரம். மீட்டிங்கில் திரையில் ஓடிய அட்டவணையின் ஏழாவது வரியில் கூட்டல் தப்பு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் யாரோ இந்தியில் ஒரு ஜோக் அடிக்க, எல்லோரும் சிரிக்க, புரிந்த மாதிரி நானும் சிரித்தேன். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். "நோ சார்." அந்தத் தப்போடே அறிக்கை வாடிக்கையாளருக்குப் போய், சூடான ஒரு மின்னஞ்சலோடு திரும்பி வந்தது. தயாரித்தவருக்குத் திட்டு விழுந்தது. எனக்கு ஒன்றும் விழவில்லை. நான் அதைப் பார்த்திருந்தேன் என்பதே யாருக்கும் தெரியாதே!

கூச்ச சுபாவக்காரர்களுக்கு வேலையில் ஏற்படும் நஷ்டம் பெரும்பாலும் இந்த ரகம்தான். விஷயம் தெரியும், தெரியும் என்பது வெளியே தெரியாது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார் ஒரு பாட்டி. "நிறைகுடம் தளும்பாது" என்பார் இன்னொரு பாட்டி. இரண்டு பேரும் ஒரே தெருதான். வள்ளுவரோ 73-ஆவது அதிகாரத்துக்கு 'அவை அஞ்சாமை' என்றே பெயர் வைத்திருக்கிறார். ஆகவே மீட்டிங் பயம் பவர்பாயின்ட்டோடு வந்த நோய் இல்லை. என் கட்சி இது: அமைதி தானாகப் பலமாகிவிடாது. அது எங்காவது பதிவாக வேண்டும். காகிதத்திலோ, மின்னஞ்சலிலோ, ஒரே ஒரு கேள்வியிலோ. அப்படிப் பதிவாகிற அமைதிக்குத் தில்லியைப் போலத் தோதான ஊர் கிடையாது.

ஏனென்றால் இது கோப்புகளின் ஊர். அமைச்சகங்கள் ஒவ்வொன்றாகக் கர்தவ்ய பவனுக்கு இடம் மாறினாலும், தாள் போய் ஈ-ஆபீஸ் வந்தாலும், நோட்டிங் எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. கூட்டத்தில் யார் சத்தம் போட்டார் என்பது சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். கோப்பில் யார் என்ன எழுதினார் என்பதை இருபது வருஷம் கழித்தும் தோண்டி எடுப்பார்கள்.

இந்த ஊர் இப்படி வளர்த்துவிட்ட ஆளுக்கு மன்மோகன் சிங்கைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், நீண்ட தலைமுடியோடு மற்ற மாணவர்கள் கண்ணில் படக் கூச்சப்பட்டு, கூட்டம் வருவதற்கு முன்பே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போய்விடுவாராம். 1971-இல் வர்த்தக அமைச்சகத்தில் பொருளாதார ஆலோசகர். அடுத்த வருஷமே தலைமைப் பொருளாதார ஆலோசகர். 1976-இல் நிதித்துறைச் செயலர், 1982-இல் ரிசர்வ் வங்கி ஆளுநர், 1985-இல் திட்டக் குழுத் துணைத் தலைவர். ஒவ்வொன்றும் மேடையில்லாத வேலை. குறிப்பு எழுதி, கணக்குப் பார்த்து, இரண்டு மூன்று பேர் இருக்கும் அறையில் மெல்லிய குரலில் விளக்கும் வேலை. 1991 ஜூனில் நரசிம்ம ராவ் நிதியமைச்சராகத் தேடிப் பிடித்தபோது அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். இருபது வருஷக் குறிப்புகள் அவருக்காகப் பேசியிருந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆண்டு ஜூலை 24-இல் அவர் வாசித்த பட்ஜெட் உரை 18,000 சொற்களைத் தாண்டியது. சொற்கணக்கில் அதை விஞ்சிய பட்ஜெட் உரை இல்லை என்கிறார்கள். பேசாத மனிதர் என்று பேர். ஆனால் எழுதி வைத்ததை வாசிக்க அவருக்குத் தயக்கம் இருந்ததே இல்லை.

சரி, நமக்கு யாரும் பட்ஜெட் தரப்போவதில்லை. திங்கட்கிழமை பதினொரு மணி மீட்டிங்கைப் பார்ப்போம்.

முதலில் உங்கள் மௌனம் எந்த ரகம் என்று பாருங்கள். அதே கூட்டம் தமிழில், ஊர்க்காரர்கள் நடுவே நடந்தால் பேசுவீர்களா? பேசுவேன் என்றால் அது கூச்சமே இல்லை, இந்திப் பற்றாக்குறை. தில்லிக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "நான் இன்ட்ரோவர்ட்" என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் கட்டிக்கொள்கிறார்கள். இதற்கு மருந்து ஆறு மாத மொழிப்பழக்கம். தமிழிலும் பேசமாட்டேன், ஆனால் அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை என்றால் அது சுபாவம்; அதை மாற்ற வேண்டியதில்லை, பயன்படுத்தினால் போதும். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மீட்டிங் என்றாலே முந்தின இரவு தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, பேசவேண்டுமே என்று பதவி உயர்வையே வேண்டாம் என்கிறீர்கள். இதற்குக் கட்டுரை படித்தால் போதாது. மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் மாலையே கூட்டத்தை நடத்துபவருக்கு நான்கு வரி அனுப்பிவிடுங்கள். மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் போகும் நேரம் போதும். "நாளைய பட்டியலில் இரண்டாவது விஷயம் பற்றி: செலவுக் கணக்கில் போக்குவரத்து சேரவில்லை என்று நினைக்கிறேன், சரிபார்க்கலாமா?" இவ்வளவுதான். மறுநாள் அவரே, "இவர் ஒன்று கவனித்திருக்கிறார்" என்று ஆரம்பித்துவைப்பார். கதவை நீங்கள் தட்ட வேண்டாம், உள்ளேயிருந்து திறக்கும். அன்றைக்கு நான் இதைச் செய்ய வழியில்லை, அட்டவணையையே அங்கேதான் பார்த்தேன். ஆனால் மீட்டிங் முடிந்த ஐந்தாவது நிமிடம் இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கூட்டத்துக்குள் ஒரே ஒரு விதி: முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைப் பேசிவிடுங்கள். கருத்தாகக்கூட இருக்க வேண்டாம், கேள்வி போதும். "இது எந்தத் தேதி வரைக்குமான கணக்கு?" நேரம் ஏற ஏற முதல் வார்த்தையின் கனமும் ஏறும், நாற்பதாவது நிமிடம் வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், சொல்ல வந்தது மறந்துபோகும்.

இப்போது மினிட்ஸ். யாருக்கும் பிடிக்காத வேலை இது. அதனாலேயே நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரக் கூச்சலில் என்ன முடிவானது என்று எழுதுபவர், அந்த முடிவுக்கு வடிவமும் கொடுக்கிறார். அன்றைக்கே அனுப்ப வேண்டும். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி, எது நிலுவை. கூட்டத்தில் சொல்ல வாய் வராத உங்கள் சந்தேகத்தை, பேசப்பட்டதைப் போலக் காட்டாமல், 'என் குறிப்பு' என்று கடைசியில் தனியாகப் போடலாம். மறுநாள் பத்துப் பேர் அதற்குப் பதில் எழுதுவார்கள். நீங்கள் மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டீர்கள். ஒரே நிபந்தனை, மினிட்ஸ் உங்கள் பெயரில் போக வேண்டும். எழுதுவது நீங்கள், அனுப்புவது வேறொருவர் என்றால் அது குமாஸ்தா வேலை. பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: எல்லாக் கூட்டத்திலும் உங்களிடமே நோட்டை நீட்டினால், "இந்த வாரம் நான், அடுத்த வாரம் நீங்கள்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் யோசனையை வேறொருவர் தன்னுடையதாகச் சொல்லிவிட்டாரா? நடக்கும். சண்டை போட வேண்டாம், குமைந்துகொண்டு வீட்டுக்கும் போக வேண்டாம். "ஆமாம், நேற்று அனுப்பியிருந்தேனே, அதன் இரண்டாவது பாதியைச் சொல்லிவிடுகிறேன்" என்று தொடருங்கள். முந்தின நாள் மின்னஞ்சலுக்கு இன்னொரு உபயோகம் இது.

இந்த ஊரில் குளிர்காலத்துக்கென்றே ஓர் அலுவலகம் உண்டு: புல்வெளி. டிசம்பர், ஜனவரியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வெயில் காய வெளியே வந்து உட்காருவார்கள். மடியில் செய்தித்தாள், அதில் வேர்க்கடலை, பக்கத்தில் கின்னோ ஆரஞ்சின் தோல். எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது, யார் மாற்றலாகிப் போகிறார், எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கேதான் வெளிவரும். இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் பேச்சில் கூச்சக்காரர்களுக்கு நிகர் இல்லை. குறுக்கே பேசமாட்டோம், சொன்னதை நினைவில் வைத்திருப்போம். ஆனால் நம்மில் பலர் அந்த நேரத்தில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி சீட்டிலேயே சாப்பிடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் வெளியே போங்கள்.

யு.பி.எஸ்.சி. எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷாஜகான் சாலை தோல்பூர் ஹவுஸில் நடக்கும் நேர்முகத் தேர்வுக்கு மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275. அங்கே பட்டிமன்றப் பேச்சு வேண்டாம். கேள்வியை முழுதாகக் கேட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடிந்தால் அது நிதானமாகத்தான் தெரியும். அசோகா சாலை ஆந்திர பவன் சாப்பாட்டு வரிசை பற்றிக் கேட்டால்கூட அவசரப்பட வேண்டாம்!

சுயமதிப்பீட்டுப் படிவத்தில்தான் நம் ஆட்கள் சொதப்புவது. மத்திய அரசில் அதை 'ஏபார்' என்பார்கள், தனியாரில் அப்ரைசல். வருஷம் முழுக்க உழைத்துவிட்டு, "கொடுத்த பணிகளைச் செய்தேன்" என்று ஒரு வரி எழுதுவது அடக்கம் அல்ல, சோம்பல். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் ஒரு வரி: எத்தனை கோப்பு, எத்தனை நாளில், எந்தத் தப்பு தடுக்கப்பட்டது. மார்ச்சில் அதைப் பார்த்து எழுதினால் தற்பெருமையாகவும் இருக்காது, எண்களாக இருக்கும்.

நாளைக்கு நீங்களே மேலாளரானால்? 2011-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உளவியலாளர் ஆடம் கிரான்ட் குழுவினர் அமெரிக்க பீட்சா கடைகளை ஆராய்ந்தார்கள். தாங்களாக யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்த கடைகளில், அதிகம் பேசாத மேலாளர்களின்கீழ் லாபம் கூடுதலாக இருந்தது. காது கொடுத்துக் கேட்டார்கள், காரணம் அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லாத கடைகளில் நிலைமை தலைகீழ். அமேசானில் கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் குறிப்பை மௌனமாகப் படிக்கும் வழக்கம் உண்டு. உங்கள் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் அப்படி வைத்துப் பாருங்கள்.

மன்மோகன் சிங்கிடமே திரும்புகிறேன், அவர் கதைக்கு மறுபாதியும் உண்டு. பிரதமரான பிறகு, நிலக்கரி ஒதுக்கீட்டு விவகாரம் கொதித்த 2012 ஆகஸ்டில், ஆயிரம் பதில்களைவிடத் தன் மௌனம் மேல் என்ற பொருளில் நாடாளுமன்ற வாசலில் ஓர் உருதுக் கவிதையைச் சொன்னார். அது எடுபடவில்லை; 'மௌன்மோகன்' என்ற கேலிதான் நிலைத்தது. 2018 டிசம்பரில் தில்லியில் தன் எழுத்துகளும் உரைகளும் தொகுதிகளாக வெளிவந்தபோது, தன்னை மௌனப் பிரதமர் என்பார்கள், இந்த நூல்களே பேசும் என்றார். இரண்டும் ஒரே மனிதரின் மௌனம்தான். ஆலோசகராக இருந்தவரை குறிப்பு போதுமானதாக இருந்தது. பொறுப்பு அவர் தலையில் வந்த பிறகு ஜனங்கள் குரலை எதிர்பார்த்தார்கள். தப்பு நடக்கும்போது, ஒருவருக்கு அநியாயம் நடக்கும்போது, உங்கள் பெயர் சம்பந்தப்பட்டிருக்கும்போது மினிட்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். அங்கேயே, குரல் நடுங்கினாலும் சொல்லுங்கள்.

அதற்காக நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். "ஏக் மினட், மேரீ பாத் பூரீ ஹோனே தீஜியே." ஒரு நிமிஷம், என் பேச்சை முடிக்க விடுங்கள் என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்தது. நிஜமாகத் தேவைப்பட்ட அன்று, இரண்டு பேர் ஒரே சமயத்தில் குறுக்கே வந்தபோது, பதற்றத்தில் ஆண்பாலாக்கி 'மேரா பாத்' என்றுவிட்டேன். அறையே சிரித்தது. எதிரே இருந்தவர், "மேரா நஹீ(ன்), மேரீ" என்று திருத்தினார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "போலியே" (பேசுங்கள்) என்றார்.