லொறிக் கூட்டின் தரைக்கு எந்த விரிப்பு?

லொறி வாங்கும்போது நம் வியாபாரிகள் இயந்திரத்தைப் பரிசோதிப்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், கடையின் பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்றும் ஆலோசிப்பார்கள். ஆனால் சரக்கு அமரப்போகும் தரையைப் பட்டறைக்காரரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவார்கள். லொறியின் மூடிய கூட்டில் முதலில் பழுதடைவது பெரும்பாலும் அந்தத் தரைதான். வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் மூடிய ட்ரெய்லருக்கும் இது பொருந்தும்.

திறந்த லொறியில் நனைந்த பலகை வெயிலில் காய்ந்துவிடும். மூடிய கூட்டில் அது நடப்பதில்லை. நனைந்த சாக்கு, உருகும் ஐஸ், கழுவிய நீர், கதவோரத்தில் கசியும் மழை எல்லாம் விரிப்பின் கீழ் தங்கி, மேலே எதுவும் தெரியாமலே பலகையை உக்க வைக்கின்றன. ஆகவே "எந்த விரிப்பு நல்லது?" என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள்: எதை ஏற்றுகிறீர்கள்? உள்ளே வரும் நீர் எந்த வழியாக வெளியே போகும்?

அடித்தளம்

மேல் விரிப்பு எதுவானாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் பிளைவூட். கப்பல் கொள்கலன்களின் தரையே பொதுவாக 28 மில்லிமீற்றர் பிளைவூட்தான். அதன் கீழே நெருக்கமாக உருக்குக் குறுக்குச் சட்டங்கள் இருப்பதால் போர்க்லிப்ட் ஏறினாலும் அது தாங்குகிறது. சிறிய லொறிக்கு 18 மில்லிமீற்றர் போதும். ஆனால் குறுக்குச் சட்டங்கள் தூரத்தூர இருந்தால் எந்தப் பலகையும் தொய்யும்.

பிளைவூட்டின் ஆயுள் அதன் பசையில் இருக்கிறது. வாங்குமுன் ஒரு சிறு துண்டைக் கேட்டெடுத்துச் சில மணி நேரம் நீரில் கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால், அது வீட்டுத் தளபாடத்துக்குரியது, லொறிக்கு ஆகாது.

நான்கு வகை விரிப்புகள்

1. வினைல்: வீட்டுக்கு விரிக்கும் மெல்லிய வினைல் மலிவு. பெட்டியை ஒருமுறை இழுத்தாலே கிழியும். வெயிலில் நிற்கும் கூட்டின் வெப்பத்தில் பசையும் இளகும். துணி, பஞ்சு மெத்தை போன்ற மென்சரக்குக்கு மட்டும் பொருந்தும்.

2. றப்பர் ஷீட்: வழுக்காது, அதிர்வைத் தாங்கும், கண்ணாடிப் பொருட்களுக்கும் மின் உபகரணங்களுக்கும் மிகவும் ஏற்றது. ஆனால் இயற்கை றப்பர் டீசல், மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பழுதாகும். எண்ணெய்ச் சரக்கு ஏற்றுபவர்கள் நைட்ரைல் றப்பரைக் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டாமல் விரித்தால், வாரம் ஒருமுறை தூக்கி அடியைக் காயவிட வேண்டும்.

3. அலுமினியச் செக்கர் பிளேட்: துருப்பிடிக்காது, எடை குறைவு, கழுவ இலகு. உப்பும் மீனும் ஏற்றுபவர்களும் இதையே நாடுவார்கள். ஆனால் இரும்புச் சட்டத்தை அது நேரடியாகத் தொட்டால், உப்புநீர் படும்போது அலுமினியமே அரிக்கப்படும். இடையில் றப்பர் பட்டி வைக்க வேண்டும். தகடு மெல்லியதாயின் கைட்ரொலியின் சிறு சக்கரங்கள் பள்ளம் விழுத்தும்.

4. இரும்புச் செக்கர் பிளேட்: அடியும் இழுப்பும் தாங்குவதில் இதற்கு நிகரில்லை. ஹார்ட்வெயார் சாமான், இயந்திரப் பாகங்கள் ஏற்றுபவர்களுக்கு உகந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு தொடங்கும். எடையும் அதிகம்.

எடையும் காசுதான்

14 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட கூட்டின் தரை 84 சதுர அடி, அதாவது சுமார் 7.8 சதுர மீற்றர். 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு இதற்குச் சுமார் 63 கிலோ வரும். அதே தடிப்பில் இரும்பு சுமார் 184 கிலோ. வித்தியாசம் 120 கிலோ, அதாவது 50 கிலோ மூடைகள் இரண்டுக்கும் மேல். முழு எடைக்கு அரிசியோ சீனியோ ஏற்றுபவர் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூடைகளை இழக்கிறார். வருடத்துக்கு 300 பயணமென்றால் 600 மூடைகள். அவற்றுக்கான கூலி எவ்வளவு என்று உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். பிஸ்கட் போன்ற இலேசான சரக்கு ஏற்றுபவருக்கு எடை நிரம்புமுன் இடம் நிரம்பிவிடும். அவருக்கு இந்த நட்டம் இல்லை.

விலையைப் பார்க்கும்போதும் அப்படியே. விரிப்பின் விலையோடு பூட்டுக் கூலியையும், மாற்றும் நாட்களில் லொறி ஓடாத நட்டத்தையும் கூட்டி, அது உழைக்கும் வருடங்களால் வகுங்கள். மலிவென்று வாங்கியது அநேகமாக அங்கேதான் விலை கூடும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

● பலகையின் வெட்டு விளிம்புகளுக்கும் ஆணித் துளைகளுக்கும் பெயின்ட் அல்லது எபொக்ஸி பூசியபின்பே பொருத்த வேண்டும். உக்கல் தொடங்குவது விளிம்பில்தான்.

● விரிப்பைச் சுவரோரம் சில அங்குலம் மேலே ஏற்றி, மூட்டைச் சிலிக்கனால் அடைக்க வேண்டும்.

● தரை கதவுப் பக்கம் சற்றுச் சரிய வேண்டும். அங்கே நீர் வடியத் துளையும் வேண்டும்.

● ஆணி அடிக்காமல் துருப்பிடிக்காத ஸ்குரூ பூட்டுங்கள். தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சாக்கும் கிழியும்.

உணவுச் சரக்கு ஏற்றும் லொறியில் வெறும் பலகைத் தரை வேண்டவே வேண்டாம். இன்று சிந்திய மண்ணெண்ணெய் நாளைய அரிசியில் மணக்கும். பழைய கொள்கலனை வாங்கிப் பாவிப்பவர்கள், தரைப் பலகைக்குப் பூச்சிகொல்லி ஊட்டப்பட்டிருக்கலாம் என்பதையும் மனதில் வைத்து மேலே உறுதியான உறை போட வேண்டும்.

இறுதியாக, முதுகில் மூடையோடு கூட்டுக்குள் நடக்கும் நாட்டாமையை மறந்துவிடக் கூடாது. வழுவழுப்பான தகடு நனைந்தால் அவரது கால் சறுக்கும். சரக்கு சேதமானால் ஈடு செய்யலாம், ஒருவரது இடுப்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். பட்டறைக்காரர் மாதிரித் துண்டுகளைக் காட்டும்போது, அவற்றின் மீது தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் நீங்களே மிதித்துப் பாருங்கள். விலையைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.