யாழ்ப்பாண நகரில் ஒரு நாள்: பறவைகளை அவதானித்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – சூழலியல்: வெளிக்களக் கற்கை

மாணவர்களே,

உயிர்ப் பல்வகைமை, இசைவாக்கம், உணவு வலை ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆயினும் "உமது பிரதேசத்தில் நீர் அவதானித்த உதாரணமொன்றைத் தருக" என்று வினாத்தாளிற் கேட்டவுடன் பலர் தடுமாறுகின்றனர். காரணம் எளிது. உதாரணத்தைப் புத்தகத்தில் வாசித்தார்களே தவிர, வெளியே சென்று பார்த்ததில்லை. இப்பாடத்தில் யாழ்ப்பாண நகரிலும் அதன் அயலிலும் ஒரு நாள் முழுவதும் பறவைகளை எவ்வாறு அவதானிப்பது, அவதானித்தவற்றை எவ்வாறு பதிவது, அப்பதிவிலிருந்து விடைகளை எவ்வாறு அமைப்பது என்பவற்றை நோக்குவோம்.

1. ஆயத்தம்

பறவைகள் காலையிலும் மாலையிலும் சுறுசுறுப்பாக இரைதேடும். நண்பகல் வெயிலில் நிழலில் ஒதுங்கும். எனவே உங்கள் வேலை காலை 6.00 மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். ஆண்டில் மார்கழி, தை, மாசி மாதங்கள் மிகப் பொருத்தமானவை. செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் வரத்தொடங்கும் குடிபெயர் பறவைகள் மார்ச், ஏப்பிரல் வரை இங்கு தங்குகின்றன.

தேவையானவை: கொப்பி, பென்சில், கைக்கடிகாரம், தொப்பி, குடிநீர். பைனாகுலர் இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. இருவராகச் செல்லுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதலாம். வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ சொல்லிவிட்டுச் செல்லுங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுள் நுழைய வேண்டாம். கூடுகளையும் முட்டைகளையும் தொட வேண்டாம்.

பதிவில் இடம்பெற வேண்டியவை ஆறு: நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல், உடலமைப்பில் நீங்கள் கண்ட சிறப்பு. பெயர் தெரியாவிடின் "பெயர் தெரியாது" என்று எழுதி நிறம், பருமன், சொண்டின் வடிவம், காலின் நீளம் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயரைப் பின்னர் ஆசிரியரிடம் கேட்டு அறியலாம். பார்க்காமல் விட்ட சொண்டை எவரிடமும் கேட்டு அறிய முடியாது.

2. காலை 6.00 – வீட்டு வளவு

முதல் அவதானத்துக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. வளவிலேயே காகம், மைனா, புலுனி, செண்பகம், கொண்டைக்குருவி, தேன்சிட்டு ஆகியவற்றைக் காணலாம். புலுனிகள் தனித்துத் திரிவது குறைவு. ஆறேழு சேர்ந்து சருகைக் கிளறிப் பூச்சிகளைத் தேடும். தேன்சிட்டின் சொண்டு மெல்லியது, நீண்டது, வளைந்தது. அது பூவினுள் நுழைந்து தேனை உறிஞ்சுவதற்கான இசைவாக்கமாகும்.

இங்கு மாணவர் வழக்கமாக விடும் பிழை ஒன்றுண்டு. கரிய நிறக் குயிலையும் கபில நிறத்தில் புள்ளிகளுடைய குயிலையும் இரண்டு இனங்களாக எழுதுவர். அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் ஆகும். கரியது ஆண். பெண்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும். அடைகாத்து இரையூட்டும் வேலை காகத்துடையதாகிறது.

இனிப் பனைமரத்தை நிமிர்ந்து பாருங்கள். வடலிகளுக்கு மேலாக அம்புபோல விரைந்து பறக்கும் சிறிய பறவை பனை உழவாரன் ஆகும். அது பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகுகளையும் நார்களையும் தன் உமிழ்நீரால் ஒட்டிக் கூடமைக்கும். அதே வேளையில் மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான்களையும் பாருங்கள். இரண்டும் பறந்தபடியே பூச்சிகளைப் பிடிப்பவை. இரண்டின் சிறகுகளும் நீண்டு ஒடுங்கியவை. ஆனால் அவை நெருங்கிய உறவினங்கள் அல்ல. ஒரே வகையான வாழ்க்கைமுறை இரண்டுக்கும் ஒத்த உருவத்தைக் கொடுத்துள்ளது. வேறுபாட்டை எவ்வாறு அறிவது? உழவாரனின் குறுகிய கால்கள் பற்றித் தொங்குவதற்கே ஏற்றவை. அது கம்பியில் அமர்வதில்லை.

3. காலை 7.30 – பண்ணைக் கடற்கரை

கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தடிக்கு வாருங்கள். இருபுறமும் விரிந்திருப்பது யாழ்ப்பாணக் கடனீரேரி. ஆழம் குறைந்த உவர்நீரும் சேற்று நிலமும் கடற்புற்களும் இங்கு உண்டு. ஆழம் குறைவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பாடத்தின் மையம் அதுவே.

மீன்பிடிக்காக நாட்டப்பட்ட தடிகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்தபடி நிற்கும். அதன் இறகுகளின் வெளிப்பகுதி ஓரளவு நனையக்கூடியது. அதனால் மிதக்குந்தன்மை குறைந்து நீருள் மூழ்கி மீனைத் துரத்துவது இலகுவாகிறது. கரைக்கு வந்தபின் சிறகைக் காயவைப்பது அதற்கான விலையாகும்.

இப்போது கரையிலிருந்து உள்நோக்கி, படிப்படியாகப் பாருங்கள்.

சேற்றின் விளிம்பு: சிறிய உள்ளான் வகைகள். குறுகிய கால், சிறிய சொண்டு. சேற்றின் மேற்பரப்பிலுள்ள சிறு புழுக்களையும் பூச்சிகளையும் கொத்தி உண்பவை.

கணுக்கால் அளவு நீர்: சின்னக் கொக்கு. கரிய சொண்டு, கரிய கால், மஞ்சட் பாதம். பாதத்தால் சேற்றைக் கலக்கி, வெளிப்படும் சிறுமீன்களைப் பிடிக்கும்.

சற்று ஆழம்: நெடுங்கால் உள்ளான். வெண்ணிற உடல், கரிய சிறகு, மிக நீண்ட இளஞ்சிவப்புக் கால். நீரிலுள்ள சிறு பிராணிகளை ஊசி போன்ற சொண்டால் எடுக்கும்.

மேலும் ஆழம்: கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை. கரண்டிவாயன் சொண்டைச் சற்றுத் திறந்து நீரில் பக்கவாட்டாக வீசிச் செல்லும். இரை தொடுபட்டதும் சொண்டை மூடிக்கொள்ளும். கலங்கிய நீரிலும் இரைதேட இது உதவுகின்றது.

திறந்த நீர்ப்பரப்பு: ஊசிவால் வாத்து முதலிய குடிபெயர் வாத்துக்கள். தலையை நீரினுள் அமிழ்த்தி, வாலை மேலே உயர்த்தி உணவு தேடும்.

வாய்ப்பிருந்தால் பூநாரைகளையும் காண்பீர்கள். அவை ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீர்மட்டத்துக்கும் உணவுக்கும் ஏற்ப இடம் மாறும். பூநாரை தன் வளைந்த சொண்டைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளும். சொண்டின் உட்புறத்தில் சீப்புப் போன்ற அமைப்புகள் உண்டு. அவை அல்காக்களையும் சிறிய கிறஸ்ரேசியன்களையும் வடித்தெடுக்கும். அதன் இளஞ்சிவப்பு நிறம் இந்த உணவிலுள்ள கரற்றினொயிட்டு நிறப்பொருள்களிலிருந்து கிடைப்பது. இளம் பூநாரை சாம்பல் நிறமானது. அதைக் கண்டு வேறு இனமென எழுதிவிட வேண்டாம்.

இவ்வளவு இனங்கள் ஒரே கடனீரேரியில் எவ்வாறு வாழ்கின்றன? காலின் நீளம் நிற்கும் ஆழத்தைத் தீர்மானிக்கின்றது. சொண்டின் வடிவம் உண்ணும் இரையைத் தீர்மானிக்கின்றது. ஆகவே அவற்றுக்கிடையே உணவுக்கான போட்டி குறைகின்றது. பரீட்சையில் "இசைவாக்கம்" பற்றிய வினாவுக்கு ஒட்டகத்தையும் கள்ளியையும் மட்டுமே எழுதி வந்தவர்கள் இனிமேல் பண்ணையை எழுதலாம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சிந்தியுங்கள். கரையோரம் மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பப்பட்டால் முதலில் மறைவது சேற்று விளிம்பும் ஆழமற்ற நீருமாகும். "கடல் இன்னும் அங்கேதானே இருக்கிறது" என்று பார்ப்பவர் சொல்லலாம். குறுகிய கால் கொண்ட பறவைக்கு அங்கு நிற்க இடமிராது.

4. குடிபெயர்வு (வலசை) பற்றி ஒரு குறிப்பு

இலங்கை, மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தெற்கு எல்லையில் அமைந்துள்ளது. வட ஆசியாவில் இனம்பெருக்கும் பறவைகள் பல மாரிகாலத்தை இங்கு கழிக்கின்றன. "குளிரைத் தாங்க முடியாமையால் வருகின்றன" என்பது அரைகுறை விடையாகும். இறகுப் போர்வை குளிரைப் பெருமளவு தாங்கும். நீர்நிலைகள் உறைவதாலும் பூச்சிகள் இல்லாமற் போவதாலும் பகற்பொழுது குறுகுவதாலும் உணவு கிடைப்பது அரிதாகின்றது என்பதே முழுமையான விடை.

5. பகல் 11.00 – நாவற்குழி வயல்வெளி

நகரிலிருந்து கண்டி வீதி வழியாக நாவற்குழிப் பக்கம் சென்றால் வயல்களும் உவர் நிலங்களும் அடுத்தடுத்து வருகின்றன. மேயும் மாடுகளின் பின்னால் உண்ணிக்கொக்கு நடப்பதைக் காணலாம். மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகளை அது உண்கின்றது. இத்தொடர்பில் கொக்கு நன்மை பெறுகின்றது. மாட்டுக்குப் பெரும்பாலும் நன்மையோ தீமையோ இல்லை. ஆட்காட்டி உங்களைக் கண்டதும் கத்தும். அவ்வேளை அங்கேயே நில்லுங்கள். அதன் கூடு வெறுந்தரையில் அருகிலேயே இருக்கலாம்.

வானில் செம்பருந்து வட்டமிட்டால் உணவுச் சங்கிலியை எழுதிப் பாருங்கள்:

நெல் → வெட்டுக்கிளி → தவளை → செம்பருந்து

வயலுக்கு விசிறும் பீடைநாசினிகளுள் இலகுவில் சிதைவடையாதவை சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிச் செல்லும். எனவே அதிகம் பாதிக்கப்படுவது மேற்படியிலுள்ள பறவையே.

6. மாலை 5.30 – கோட்டை அகழி

மாலையில் நகருக்குத் திரும்பிக் கோட்டை அகழியருகே நில்லுங்கள். காகங்களும் மைனாக்களும் கிளிகளும் அடையும் இடங்களை நோக்கிக் கூட்டமாகச் செல்லும். பெருங்கூட்டத்தை எண்ணும் முறை இது: முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து வானில் எவ்வளவு இடம் பிடிக்கின்றது என மனதிற் கொள்ளுங்கள். பின்னர் முழுக்கூட்டத்தில் அத்தகைய தொகுதிகள் எத்தனை என எண்ணுங்கள். 14 தொகுதிகள் எனின்,

10 × 14 = 140

"ஏறத்தாழ 140" என எழுதுங்கள். "ஆயிரக்கணக்கில்" என்பது அவதானம் அன்று, அது வியப்பு.

7. மாதிரிப் பதிவு

காலை 7.40, பண்ணை: நெடுங்கால் உள்ளான் 6. முழங்கால் அளவு நீரில் இரைதேடின. காலின் பெரும்பகுதி நீருள்.

காலை 7.55, பண்ணை: பெயர் தெரியாத சிறு பறவை 11. மேற்புறம் சாம்பல், வயிறு வெள்ளை, கால் குட்டை. சேற்றில் ஓடி ஓடிக் கொத்தின.

காலை 8.20, பண்ணை: பூநாரை இல்லை. 40 நிமிடம் பார்த்தோம்.

மூன்றாவது வரியைப் பலர் வெட்கப்பட்டு எழுதாமல் விடுவர். ஆனால் மூன்று வரிகளிலும் பெறுமதி மிக்கது அதுவாகவும் இருக்கலாம். ஒப்படைகளைத் திருத்தும்போது, ஒரே வகுப்பின் நாற்பது கொப்பிகளிலும் ஒரே எண்ணிக்கையான பூநாரைகள் நிற்பதைக் காண்பதுண்டு. அவை கடனீரேரியில் இறங்கிய பூநாரைகள் அல்ல; ஒரு கொப்பியிலிருந்து மறு கொப்பிக்குப் பறந்தவை. புள்ளி குறைவது ஒருபுறமிருக்க, அந்த நாற்பது கொப்பிகளிலிருந்து எவரும் எதையும் அறிய முடியாது.

இது ஏன் பெரிய விடயம்? 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வடபகுதியின் கடனீரேரிகளில் முறையான கள ஆய்வு செய்வது மிகக் கடினமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் எந்தக் கரையில் எத்தனை பறவைகள் நின்றன என்பதற்குப் போதிய பதிவுகள் இல்லை. பதிவு இல்லாத இடத்தில், "முன்பு நிறையப் பறவைகள் வந்தன" என்று ஒருவர் சொன்னால் அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இன்று நீங்கள் ஒரு கரையைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதி, அதே மாதத்தில் அடுத்த ஆண்டும் எழுதினால், பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒன்று கிடைக்கும்.

8. மனதிற் கொள்ள வேண்டிய தரவுகள்

• ஈரநிலங்கள் தொடர்பான றாம்சார் சமவாயம் 1971 பெப்ரவரி 2 இல் கைச்சாத்திடப்பட்டது. அத்தினமே உலக ஈரநில தினமாகும்.
• இலங்கையின் முதலாவது றாம்சார் ஈரநிலம் புந்தல (1990). மன்னார் மாவட்டத்தின் வங்காலை 2010 இல் சேர்க்கப்பட்டது.
• சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.
• இலங்கைக்கே உரித்தான பறவையினங்கள் 30 இற்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை ஈரவலயக் காடுகளில் வாழ்பவை. யாழ்ப்பாணத்தின் சிறப்பு அவற்றில் அன்று, நீர்ப்பறவைகளிலும் குடிபெயர் பறவைகளிலும் உள்ளது.

வேறு மாவட்ட மாணவர்கள் இதே முறையைத் தமது இடத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம். மட்டக்களப்பு மாணவர்களுக்கு வாவியும் கொழும்பு மாணவர்களுக்குத் தலங்கமக் குளமும் உண்டு. கொழும்பு 2018 இல் றாம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது.

9. பயிற்சி வினாக்கள்

1. பனை உழவாரனையும் தகைவிலானையும் வேறுபடுத்தி அறியும் ஓர் அவதானத்தைத் தருக.
2. ஆழம் குறைந்த நீரில் பல பறவையினங்கள் போட்டி குறைந்து வாழ்வது எவ்வாறு? இரு உதாரணங்களுடன் விளக்குக.
3. நீர்க்காகம் சிறகை விரித்து நிற்பதேன்?
4. பறவைக் கூட்டமொன்றில் பத்துப் பறவைகள் கொண்ட 23 தொகுதிகள் காணப்பட்டன. எண்ணிக்கையை மதிப்பிடுக. இது ஏன் மதிப்பீடு எனப்படுகின்றது?
5. "பூநாரை இல்லை" என்ற பதிவின் பயன் யாது?

வினா 5 இற்கான விடைக் குறிப்பு: குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் அவ்வினம் காணப்படவில்லை என்பதும் ஒரு தரவாகும். பிற நாட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு அதன் வருகை கூடுகின்றதா குறைகின்றதா என அறிய அது உதவும்.

ஏனைய வினாக்களுக்கு விடை எழுதுமுன் ஒரு நாள் காலையில் வெளியே சென்று வாருங்கள். இப்பக்கங்களிலுள்ள பட்டியலைப் பார்த்து எழுத வேண்டாம். உங்கள் கொப்பியைப் பார்த்து எழுதுங்கள்.