பத்து லிட்டர் பாலும் ஐயாயிரம் பஸ்கியும்!

நம் பக்கத்தில் ஒரு பையன் கொஞ்சம் தோள் அகன்று, மார்பு விரிந்து நின்றால் போதும். “என்னடா, தாராசிங் மாதிரி ஆயிட்டே!” என்பார்கள் பெரியவர்கள். தாராசிங் பிறந்தது 1928 நவம்பரில். அதே வருஷம் ஜனவரி மாதம், பாட்டியாலா சமஸ்தானத்தில், ஐம்பது வயதை நெருங்கிவிட்ட ஒரு மனிதர், உலகப் புகழ் பெற்ற ஐரோப்பிய மல்லர் ஒருவரை ஒரு நிமிடத்துக்குள் மல்லாத்திப் போட்டார். கூடியிருந்தவர்கள் சரியாக உட்கார்வதற்குள் குஸ்தி முடிந்துவிட்டது!

அவர்தான் காமா பயில்வான்.

குஸ்திக்காரருக்கு ஆரோக்கியப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அஸ்தம்பட்டியில் என் வைத்தியசாலைக்கு, ஜிம்முக்குப் போகும் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும் தாய்மார்கள் இப்போது அதிகம். “ஏனுங்க டாக்டர், தினம் பன்னெண்டு முட்டை உடைக்கிறானுங்க. அது போதாதுன்னு டப்பா டப்பாவா பவுடர் வேற. இதெல்லாம் நல்லதுங்களா?” என்று அம்மா கேட்பார். பையன் உடனே செல்போனை நீட்டுவான். அதில் காமாவின் படம், பக்கத்தில் அவர் சாப்பாட்டுப் பட்டியல். “காமா தினம் பத்து லிட்டர் பால் குடிச்சிருக்கார் சார்!”

பட்டியல் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு அதற்குப் பின்னால் இருந்த மனிதனை விட்டுவிட்டால் எப்படி? வாருங்கள், அவர் கதையை முழுதாகப் பார்ப்போம்.

பத்து வயதில் பரிசு

காமாவின் முழுப்பெயர் குலாம் முகமது பக்ஷ் பட். 1878-ல் பிறந்தார். காஷ்மீர வம்சாவளி, பரம்பரையாகக் குஸ்தி செய்யும் குடும்பம். ஆறு வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துபோனார். தாய்வழித் தாத்தா வளர்த்தார். அவரும் போன பிறகு மாமா ஈதா பயில்வான் பையனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாமா செய்த காரியத்தைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் பையனைக் கோதாவில் இறக்கிவிடவில்லை. தண்டால், பஸ்கி, கோதா மண்ணைக் கொத்திப் புரட்டுவது... முதல் சில வருஷங்கள் இவ்வளவுதான். சாப்பாடும் பால், பாதாம், பழச்சாறு என்று எளிமையாகவே இருந்ததாம். இறைச்சி, இறைச்சிச் சாறு எல்லாம் பதினைந்து வயதுக்கு மேல்தான் சேர்ந்தது என்பார்கள். வயிறு பழகப் பழக உணவு ஏறியிருக்கிறது, உடம்பு பழகப் பழக உழைப்பு ஏறியிருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

1888-ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். யார் அதிக நேரம் தாக்குப்பிடித்துப் பஸ்கி போடுகிறார்கள் என்பதே போட்டி. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகச் சுருண்டு விழ, கடைசிப் பதினைந்து பேரில் ஒருவனாக நின்றான் பத்து வயது காமா! மகாராஜா அவனையே ஜெயித்தவனாக அறிவித்துவிட்டார். அதன்பிறகு பையன் ஒரு வாரம் படுக்கையை விட்டு எழவில்லை என்றும் சொல்கிறார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பிறகு தாதியா சமஸ்தானத்து ஆதரவு கிடைத்தது. பதினேழு வயதில், 1895-ல், ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்து நின்றார். அவர் கிட்டத்தட்ட ஏழடி உயரம் என்பார்கள், இவரோ ஐந்தடி எட்டு அங்குலத்துக்குள். மணிக்கணக்கில் நடந்த அந்தக் குஸ்தி வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது. நாடு முழுக்கக் காமாவின் பெயர் பரவியது அன்றைக்குத்தான்.

லண்டனில் ‘உயரம் போதாது’!

1910-ல் தம்பி இமாம் பக்ஷுடன் கப்பலேறி லண்டன் போனார். அங்கே நடந்தது வேடிக்கை. உயரம் போதாது என்று சொல்லிப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்! காமா சும்மா திரும்பவில்லை. “எந்த எடைக்காரராக இருந்தாலும் சரி, மூன்று பேரை முப்பது நிமிடத்தில் சாய்க்கிறேன், வாருங்கள்” என்று சவால் விட்டார். ஏதோ விளம்பரத் தந்திரம் என்று முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் ஒருவர் வந்தார். அமெரிக்கர், பெஞ்சமின் ரோலர். மல்லர் மட்டுமல்ல, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். (எங்கள் தொழில்காரர் விழுந்ததைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம்தான்!) முதல் தடவை ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் டாக்டர் தரையில். இரண்டாம் தடவை ஒன்பது நிமிடத்துச் சொச்சம் தாக்குப்பிடித்தார்.

அடுத்து வந்தவர் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ. எடையில் காமாவைவிட நல்ல கூடுதல். 1910 செப்டம்பர் 10-ம் தேதி, ‘ஜான் புல்’ பட்டத்துக்கான போட்டி. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார். எழுந்தால்தானே சாய்க்க முடியும்? இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக இழுத்தும் புரட்டியும் முடியாமல், சமநிலை என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 17-ல் மறுபடி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்றைக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பட்டமும் பெல்ட்டும் காமாவுக்கு வந்தன. அந்தக் காலத்தின் பெரிய பெயர்களான ஹாக்கன்ஷ்மிட், ஃபிராங்க் காட்ச் இருவருக்கும் சவால் விட்டார். அவர்கள் ஏற்கவில்லை.

இந்தியா திரும்பிய பிறகு அலகாபாத்தில் பழைய சுல்தானிவாலாவையும் வென்று ‘ருஸ்தம்-இ-ஹிந்த்’ ஆனார். பதினெட்டு வருஷம் கழித்து பாட்டியாலாவுக்கு வந்த ஸ்பிஸ்கோவைத்தான் ஒரு நிமிடத்துக்குள் முடித்தார் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அவர் கோதாவில் தோற்றதாகப் பதிவே இல்லை.

ஆனால் காதில் விழுவதையெல்லாம் நம்ப வேண்டாம். பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1902 டிசம்பர் 23-ல் காமா தூக்கியது, எடை 1200 கிலோ என்கிறார்கள். இன்றைக்கு உலக சாதனை படைக்கிற பளு தூக்குபவர்களே ஐந்நூறு கிலோவைச் சுற்றித்தான் தரையிலிருந்து கிளப்புகிறார்கள். காமா அந்தக் கல்லைப் புரட்டியிருக்கலாம், ஒரு முனையைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். நம் ஊர் இளவட்டக்கல்லுக்கும் இப்படிக் கதைகள் உண்டுதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். தினம் பத்து லிட்டர் பால், அரை லிட்டர் நெய், ஆறு நாட்டுக்கோழி, அரைத்த பாதாம், இறைச்சிச் சாறு. இதுதான் பலரும் சொல்லும் பட்டியல். வாய்க்கு வாய் கொஞ்சம் கூடியிருக்கும். இருக்கட்டும், அப்படியே எடுத்துக்கொள்வோம். பத்து லிட்டர் பசும்பாலில் மட்டும் சுமார் 6000 கலோரி. அரை லிட்டர் நெய்யில் 4000. கோழி, பாதாம் சேர்க்காமலே பத்தாயிரம் தாண்டிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2100 கலோரிதான்.

அதே பட்டியலின் இன்னொரு பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? தினம் 5000 பஸ்கி, 3000 தண்டால். இரண்டு விநாடிக்கு ஒன்று என்று நிறுத்தாமல் போட்டாலும் பஸ்கிக்கு மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம். அதற்கு மேல் நாற்பது பேரோடு குஸ்தி. பாட்டியாலா விளையாட்டு நிறுவன மியூசியத்தில் வளையம் மாதிரி ஒரு கல் வைத்திருக்கிறார்கள், ‘ஹஸ்லி’ என்று பெயர். 95 கிலோ. காமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி போடுவாராம்! பத்து லிட்டர் பால் எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதா?

சித்த மருத்துவத்தில் உணவு முதலில் சாரமாகி, பிறகு செந்நீராகி, அதன்பிறகுதான் ஊனாகும் என்போம். இந்த மாற்றம் நடக்க வயிற்றில் செரிப்பு நெருப்பு சரியாக எரிய வேண்டும். எரிகிற அடுப்பில் விறகு போட்டால் தீ. அணைந்த அடுப்பில் போட்டால் வெறும் புகை! உழைக்காத உடம்பில் போய்ச் சேரும் நெய்யும் பாலும் ஊனாகாமல் மந்தமாகும், கபமாகும், தொப்பையாகும். இன்றைய மருத்துவம் இதை வேறு வார்த்தையில் சொல்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஜிம்முக்குப் போகும் பையனுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். நன்றாக எடை தூக்கிப் பயிற்சி செய்தால் கிலோவுக்கு ஒன்றரை கிராம் வரை போகலாம். 60 கிலோ பையனுக்கு 90 கிராம். பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது, முட்டைக்கா பஞ்சம்? முட்டை ஒன்றில் ஆறு கிராம். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கைப்பிடி நிலக்கடலை, மதியம் கெட்டியான பருப்பு. இதோடு வழக்கமான இட்லி, சோறு, ராகியில் இருப்பதையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடும். பவுடர் டப்பா விஷமில்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. சீக்கிரம் உடம்பு ஏற யாராவது ஊசி, மாத்திரை என்று ரகசியமாகக் கொடுத்தால், அந்த இடத்தின் வாசற்படியை மறுபடி மிதிக்க வேண்டாம்.

“அமுக்கரா சூரணம் கொடுங்க சார்” என்று கேட்பவர்களும் உண்டு. அருமையான மருந்துதான். ஆனால் தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும் தாங்களாகவே கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

அந்த ஒரு வாரப் படுக்கை

ஜோத்பூருக்கு வருகிறேன். பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினால் தசைநார்கள் சிதைந்துபோகும். சிதைந்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். பந்தயம் கட்டி ஐந்நூறு பஸ்கி போடுவது, தண்டனையாகப் போடச் சொல்வது, ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே வீராப்புக் காட்டுவது எல்லாமே ஆபத்து. மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடை வீங்கி, தாங்க முடியாத வலி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால், ஒத்தடமும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன். இருபது பஸ்கியில் ஆரம்பித்து வாரம் ஐந்து கூட்டினால் போதும். காமாவின் மாமா செய்ததும் இதைத்தான்.

பயிற்சி நின்ற பிறகு?

உடம்பை வளர்க்கிற கதையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நிறுத்திய பிறகு நடப்பதை யாரும் பேசுவதில்லை. ஜப்பானில் சுமோ மல்லர்கள் இருக்கிறார்களே, காலையில் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி, மதியம் வயிறு முட்டச் சாப்பாடு, உடனே தூக்கம். பயிற்சி நடக்கும் காலத்தில் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில்தான் தங்குகிறது, குடலைச் சுற்றி அவ்வளவாகச் சேர்வதில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியை விட்டுவிட்டு அதே சாப்பாட்டைத் தொடர்ந்தால்தான் வம்பு. தாய்ஹோ என்று ஒரு மாபெரும் வீரர், 32 முறை சாம்பியன். 1971-ல் ஓய்வு பெற்றார். 1977-ல், முப்பத்தாறே வயதில், பக்கவாதம் வந்தது! மீண்டு வந்து 2013 வரை வாழ்ந்தார் என்பது வேறு விஷயம்.

கல்லூரியில் கபடி, வாலிபால் ஆடிவிட்டு, வேலைக்குப் போனதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதே ஐந்து தோசையைத் தொடர்கிற நம் வீட்டு ஆண்களுக்கும் இதே கணக்குத்தான். ஆட்டம் நின்ற வாரமே தட்டிலும் குறைய வேண்டும். ஐந்து தோசை மூன்றாகட்டும். ஆட்டத்துக்குப் பதில் முக்கால் மணி நேர நடை வரட்டும். நாற்பது வயதுக்கு மேல் வருஷம் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள்.

காமாவுக்கும் முதுமை லேசாக இருக்கவில்லை. 1947-ல் பிரிவினையின்போது லாகூரில் இருந்தார். தன் தெருவில் குடியிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கும்பலைத் தன் ஆட்களோடு குறுக்கே நின்று விரட்டி, செலவுக்கும் கொடுத்து எல்லை வரை அனுப்பிவைத்தார் என்கிறார்கள். கோதாவில் வாங்கிய பெல்ட்டைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சமஸ்தானங்கள் போன பிறகு ஆதரவும் போயிற்று. இதய நோய் வேறு. மருந்துக்கே கஷ்டப்பட்ட நாட்களில், எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா மாதம் 300 ரூபாய் அனுப்பிவைத்தார். பாகிஸ்தான் அரசும் உதவியது. 1960 மே 23-ம் தேதி லாகூரில் காலமானார், எண்பத்திரண்டு வயதில்.